வலப்பனைத் தோட்டங்களும் இலாபம் நோக்காத அமைப்புகளும்

இலாப நோக்கற்ற அமைப்பு கட்டணம் வாங்கலாம்; ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கலாம்; ஆண்டு முடிவில் அதன் கையில் பணம் மிஞ்சவும் செய்யலாம். மிஞ்சிய பணத்தை நடத்துபவர்களோ முதல் போட்டவர்களோ தமக்குள் பங்கிட்டுக்கொள்ள முடியாது என்பது ஒன்றே அதற்குரிய கட்டுப்பாடு. மிஷன் பாடசாலை, கோயில் சபை, மரணாதாரச் சங்கம், நம்பிக்கை நிதியம் எனப் பல பெயர்களில் இயங்கும் இவற்றைப் பொருளியலாளர்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. விற்கக்கூடியதைச் சந்தை தருகிறது, சந்தை தராததை அரசு தருகிறது. அப்படியிருக்க மூன்றாவதாக ஒன்று எதற்கு என்ற கேள்வி 1970களில்தான் முறையாக எழுந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் பல விடைகள் வந்தன. பெரும்பாலானவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், அங்குள்ள வாக்காளரையும் நன்கொடையாளரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

அவற்றை உரசிப் பார்ப்பதற்கு நுவரெலியா மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் உள்ள வலப்பனை ஏற்ற இடம். இங்கே ஒரே பிரதேசத்துக்குள் இரண்டு பொருளாதாரங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. தாழ்ந்த சரிவுகளில் படிக்கட்டு வயல்களை நம்பிய பழைய சிங்களக் கிராமங்கள்; மேலே இராகலை, உடப்புசல்லாவை வரையில் தேயிலைத் தோட்டங்களும் அவற்றின் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களும். இரண்டுக்கும் அரசு ஒன்றே. ஆனால் அந்த அரசு கிராமத்தைப் பார்த்த கண் வேறு, தோட்டத்தைப் பார்த்த கண் வேறு. இங்கு எந்தச் சங்கம் ஏன் தோன்றியது என்பதை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கண்டி இராச்சியத்தில் வலப்பனை ஒரு தனி திசாவனியாக, அதாவது தனி மாகாணமாக, இருந்தது. அதன் வயல்களுக்கு மலைச்சரிவில் ஓடும் வாய்க்காலை ஒரு குடும்பம் மட்டும் வெட்டிப் பராமரிக்க முடியாது. மேல் வயல்காரர் தண்ணீரை மறித்தால் கீழ் வயல் காய்ந்துபோகும். கரையைத் திருத்த எல்லோரும் வரவேண்டும். வராதவருக்கும் தண்ணீர் கிடைக்கும் என்றால் யாருமே வரமாட்டார்கள். மன்னர் காலத்தில் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியமும் ஊர் வழக்கமும் சேர்ந்து இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தன. கோல்புறூக் - கமரன் பரிந்துரையின்படி 1832இல் ஆங்கில அரசு இராஜகாரியத்தை நீக்கியது. கட்டாய ஊழியம் போனது மக்களுக்கு விடுதலைதான். ஆனால் அதோடு வாய்க்காலைத் திருத்தும் கடமையை ஊரார்மேல் சுமத்தும் அதிகாரமும் போயிற்று. அதன் இடத்தில் வேறெதுவும் வைக்கப்படவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் பழைய ஊர் வழக்கங்களுக்குச் சட்டப் பலம் கொடுத்து, வயல்காரர்கள் கூடித் தீர்மானிக்கும் முறையை மீட்டெடுத்தது. வாய்க்காலைக் கண்காணிக்கும் வெல்விதானைக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது.

சந்தையும் அரசும் செய்யத் தவறியதைப் பயனாளிகளே கூடிச் செய்யும் வழக்கம் இங்கே எவ்வளவு பழையது என்பதை இது காட்டுகிறது. வயல் வேலையில் ஒருவருக்கொருவர் கைமாறாக உழைப்புக் கொடுக்கும் ‘அத்தம்’ வழக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததே. அரசு எட்ட நின்றபோது இவை உதவின. வரியோடு அரசு வீட்டு வாசலுக்கே வந்தபோது இவற்றால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1880களில் நெல்வரியைக் கட்ட முடியாத வலப்பனை விவசாயிகளின் வயல்கள் விற்கப்பட்டன. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசுரியர் அங்கே பட்டினி நிலவுவதை எழுதினார். 1890 அளவில் இலண்டனின் கொப்டன் கழகம் இலங்கையின் பட்டினியைப் பற்றி நூல் வெளியிட்டது. 1892இல் நெல்வரி ஒழிக்கப்பட்டது. வலப்பனை விவசாயிக்காகப் பேசிய அந்தக் கழகமும் இலாபம் நோக்காத அமைப்புதான். பணம் கொடுத்தவர்கள் ஓரிடத்தில், பயன்பெற வேண்டியவர்கள் கடல் கடந்து வேறோரிடத்தில். இந்தத் தூரம் பின்னால் ஒரு கோட்பாட்டுக்கே அடிப்படையாகிறது.

மேலே தோட்டங்களில் நிலைமை முற்றிலும் வேறு. கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1869இல் தலைகாட்டிய இலை நோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்டிருந்த தேயிலை, 1880களில் மலை முழுவதும் பரவியது. கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில்தான் ஆள் வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்களிலேயே தங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஒடுங்கிய தண்டவாளம் போடப்பட்டது. தேயிலையை இறக்கவும் அரிசியையும் உரத்தையும் ஏற்றவும் அது வந்தது. மலை உலகச் சந்தையோடு இணைந்தது. லயத்து மக்களோ சந்தைக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டார்கள். அரிசி தோட்டத்தின் கையிலிருந்து வந்தது, சம்பளத்தில் கழிந்தது. வீடு தோட்டத்துடையது. கடன் ஆள் சேர்த்த கங்காணியிடம். துண்டு முறை எனப்பட்ட கடன்சீட்டு ஏற்பாடு 1921இல் ஒழிக்கப்படும் வரை, அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போகவும் வழியில்லை.

இந்த மூடிய உலகத்துக்குள் பாடசாலையும் வைத்தியமும் எப்படி வந்தன என்பதற்குப் பொருளியலாளர் பர்ட்டன் வைஸ்பிரொட் 1975இல் வெளியிட்ட விளக்கத்தை முதலில் பொருத்திப் பார்க்கலாம். மக்களாட்சியில் அரசு ஒரு பொதுச் சேவையை இடைநிலை வாக்காளர் விரும்பும் அளவுக்குத்தான் கொடுக்கும் என்றார் அவர். அதைவிடக் கூடுதலாகவோ வேறு விதமாகவோ வேண்டுபவர்கள் சிறுபான்மையாக இருந்தால் அவர்களுடைய தேவை நிறைவேறாமல் நிற்கும். அந்த மிச்சத் தேவையை நிரப்பவே தன்னார்வ அமைப்புகள் எழுகின்றன. மொழியும் மதமும் வருமானமும் எவ்வளவுக்கு வேறுபடுகின்றனவோ அவ்வளவுக்கு அவ்வகை அமைப்புகள் பெருகும் என்பது இதிலிருந்து வரும் முடிவு.

இந்தக் கோட்பாடு எல்லோருக்கும் வாக்கு உண்டு என்று எடுத்துக்கொள்கிறது. தோட்ட மக்களின் வரலாறு அந்த இடத்தில் அதை மீறிப் போகிறது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைத் தந்தபோதே இந்திய வம்சாவளியினருக்கு நிரந்தர வதிவு, எழுத்தறிவு, சொத்து போன்ற தகைமைகள் விதிக்கப்பட்டன. 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. வாக்கும் பின்னாலேயே பறிபோனது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கிடையே எண்ணிப் பங்கிட்டது. கடைசி மிச்சத்துக்கும் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைஸ்பிரொட் பேசியது தேர்தலில் தோற்ற சிறுபான்மையின் தேவையைப் பற்றி. இங்கேயோ பட்டியலிலேயே இல்லாத மக்களின் தேவை. எனவே அவருடைய கோட்பாடு வலப்பனையில் பொய்க்கவில்லை. அவர் எண்ணிப் பார்த்ததைவிடக் கடுமையான வடிவத்தில் மெய்யாகிறது.

நாடற்றவர் ஆவதற்கு முன்பும் அரசு தன் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் கையில் விட்டுவைத்திருந்தது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டங்களில் வைத்திய வசதிக்கான பொறுப்பைத் தோட்டக்காரர்கள்மேல் வைத்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பதைத் தோட்டத்தை நடத்தும் துரையின் கடமை ஆக்கியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதை இறுக்கியது. இலாபத்துக்காகத் தோட்டம் நடத்துபவரிடம் இலாபம் தராத இரண்டு கடமைகளைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு. கொழுந்து எடுக்கவும் பிள்ளை பார்க்கவும் கை தேவைப்படும் நாளில் வருகைப் பதிவு வெறுமையாகும். கல்வி கூலியை உயர்த்தும், படித்தவர் மலையை விட்டு இறங்குவார் என்ற கணக்கு நிர்வாகத்துக்குத் தெரியாததல்ல. 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் ஓரத்திலேயே நின்றன. அவற்றை அரசு முறையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977க்குப் பிறகுதான்.

இந்த வெற்றிடத்துக்குள் முதலில் வந்தவை மதப் பணி அமைப்புகள். 1854இல் தோட்டக்காரர்களின் சந்தாவோடு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. அதன் உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து போதித்தார்கள், பள்ளி நடத்தினார்கள். தேவை இருந்தது, ஆகவே அமைப்பு வந்தது என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. தேவை எங்கும் இருக்கிறது. எல்லா இடத்திலும் பள்ளி எழுவதில்லையே. அமைப்பைத் தொடங்க ஒருவர் முன்வரவேண்டும். அவர் ஏன் முன்வருகிறார்? அமெரிக்கப் பொருளியலாளர் எஸ்டெல் ஜேம்ஸ் கவனத்தைத் தேவையிலிருந்து தொடங்குபவர் பக்கம் திருப்பினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நாடுகளுள் ஒன்று இலங்கை என்பதை இங்கே அதிகம் பேர் அறிந்திருக்கவில்லை. 1982இல் அவர் வெளியிட்ட ஆய்வு இலங்கையின் இலாப நோக்கற்ற துறையைப் பற்றியதே. பாடசாலையும் வைத்தியசாலையும் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் மதத்தினர். அவர்கள் தேடுவது பணத்தை அல்ல, விசுவாசிகளை. சிறுவயதில் கல்வி கொடுப்பவர் ஒரு தலைமுறையின் மனத்தைப் பெறுகிறார். ஆகவே மதங்கள் போட்டியிடும் நாட்டில் இத்தகைய அமைப்புகள் அதிகமாகும் என்பது அவருடைய வாதம்.

இலங்கைத் தமிழர் வரலாற்றில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளுக்கு எதிராக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1880இல் அமெரிக்கரான ஒல்கொட் வந்தபின் பௌத்த பிரம்மஞான சங்கம் சிங்களப் பகுதிகளில் பாடசாலைகளைத் திறந்தது. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு மதத்தின் பள்ளிக்குப் பக்கத்தில் மற்றதன் பள்ளி வந்தது. மலையகத் தோட்டத்துக்குள் அந்தப் போட்டி அதே வேகத்தில் நுழையவில்லை. வாசலில் துரையின் அனுமதி வேண்டும். உள்ளே நுழைந்தவர்களுக்கும் கட்டணம் கட்டவோ நிலம் எழுதிவைக்கவோ கூடிய வசதியுள்ள ஆதரவாளர்கள் லயத்தில் இல்லை. தொடங்க விரும்புபவர் இருந்தால் மட்டும் போதாது, தொடங்கும் உரிமையும் வேண்டும் என்பதை ஜேம்ஸின் கோட்பாட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்த அமைப்புகளைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய உண்டு. லயத்து மக்கள் தாங்களே கட்டிய அமைப்புகளைப் பற்றி அவ்வளவு இல்லை. ஆனால் பொருளியல் கண்ணுக்கு அவையே அரியவை.

ஒரு தோட்டத் தொழிலாளியின் சம்பளச் சீட்டைப் பார்த்தால் போதும். வேலைநாள் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்த நாட்களுக்கான சம்பளத்திலிருந்து முற்பணம் கழிகிறது, அரிசியோ தேயிலைத் தூளோ வாங்கியிருந்தால் அதன் விலை கழிகிறது, தொழிற்சங்கச் சந்தா கழிகிறது. சலவை, முடிதிருத்தும் தொழிலாளர்களுக்கு உரியதும் அங்கேயே பிடிக்கப்பட்ட காலம் உண்டு. அதே வரிசையில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கான பணமும் சாவு வீட்டுக்கான பணமும் பிடிக்கப்படும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. திருவிழா எல்லோருக்கும் பொது. தேர் ஓடும்போது காசு கொடுக்காதவர் கண்ணை மூடிக்கொள்ளப் போவதில்லை. மான்கர் ஒல்சன் 1965இல் எடுத்துக்காட்டிய கூட்டுச் செயலின் சிக்கல் இதுதான்: பெரிய கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் பிறர் கொடுக்கட்டும் என்று இருந்துவிடுவதே இலாபம், எல்லோரும் அப்படி இருந்தால் காரியம் நடக்காது. கட்டாயமோ தனிப்பட்ட பயனோ சேர்ந்தால்தான் கூட்டம் இயங்கும் என்றார் அவர். தோட்டத்து மக்கள் அதற்குக் கண்ட வழி மிகவும் கூர்மையானது. தங்களை அடக்கி வைத்திருந்த அதே செக்ரோலைத் தங்கள் பொதுக் காரியத்துக்கு வரி வசூலிக்கும் கருவியாக ஆக்கிக்கொண்டார்கள். கோயில் கமிட்டியும் தலைவர்மாரும் பேசி முடிவெடுப்பார்கள், பணத்தைத் தோட்டத்து ஆபீஸ் பிடித்துக் கொடுக்கும். வாக்கில்லாத மக்கள் தங்களுக்குள் நடத்திய ஒரு சிறிய அரசு என்றே இதைச் சொல்லவேண்டும்.

மரணாதாரச் சங்கத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. நாள் கூலியில் வாழும் வீட்டில் திடீரென ஒரு சாவு விழுந்தால் பெட்டி, பந்தல், தப்பு, வருபவருக்குத் தேநீர், காரியச் செலவு என ஒரே நாளில் கையில் இல்லாத தொகை வேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கு இத்தகைய சிறு தொகையில் ஆர்வம் இல்லை. லயத்துக் காம்பராவைத் தேடி ஆள் அனுப்பினால் வசூலைவிடச் செலவு கூடிவிடும். வட்டிக்கு வாங்கினால் மாதக் கணக்கில் மீள முடியாது. ஒவ்வொரு குடும்பமும் மாதம் சிறு தொகை போட்டு, சாவு விழுந்த வீட்டுக்குக் குறித்த தொகையை உடனே கொடுப்பது சங்கத்தின் வேலை. பணத்தோடு கதிரையும் கூடாரமும் பெரிய அண்டாவும் சங்கத்தின் பொதுச் சொத்தாக வந்து இறங்கும். பொய் சொல்லிப் பணம் வாங்க முடியாது. யார் செத்தார் என்பது லயத்துக்கே தெரியும். காப்புறுதிக் கம்பனி பெரும் செலவில் திரட்டும் தகவல் இங்கே அண்டை வீட்டு அழுகையில் கிடைத்துவிடுகிறது. அவ்னர் பென்-நெர் 1986இல் வைத்த விளக்கம் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு சேவையைப் பெறுபவர்கள் அதைத் தரமாகவும் நியாயமாகவும் பெற, அதைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வதே சில இடங்களில் மலிவான வழி என்பது அவர் சொன்னதன் சாரம். மலையகத்தில் கிராமத்துச் சிங்களவரும் இதே மரணாதாரச் சங்கத்தை நடத்துகிறார்கள். வயலும் லயமும் வேறாக இருந்தாலும் சாவின் செலவு இரண்டு பக்கத்திலும் ஒன்றுதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் பெரிய கங்காணி. அவர் ஆள் சேர்த்தார், கடன் கொடுத்தார், தலைக்காசு வாங்கினார், கணக்கையும் தானே வைத்திருந்தார். எழுத்தறியாத தொழிலாளிக்குத் தன் கடன் எவ்வளவு, எவ்வளவு கழிந்தது என்று பார்க்க வழியில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ஹான்ஸ்மன் 1980இல் எழுதிய கட்டுரை இத்தகைய நிலையைத்தான் ஒப்பந்தத் தவறு என்றது. வாங்குபவரால் தரத்தையோ அளவையோ சரிபார்க்க முடியாத இடத்தில், இலாபத்தைத் தன் பைக்குள் போடக்கூடியவர் ஏமாற்றத் தூண்டப்படுவார். இலாபத்தைப் பங்கிட முடியாதவருக்கு அந்தத் தூண்டுதல் குறைவு. எனவே அவரை நம்புவது அறிவுடைமை. வைத்தியசாலைகளில் இந்த நம்பிக்கைச் சிக்கலை கென்னத் அரோ 1963இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். ஹான்ஸ்மன் அதைப் பொதுவான கோட்பாடு ஆக்கினார். வறிய நாட்டவருக்கு உணவு அனுப்ப நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பவரை அவர் உதாரணமாக எடுத்தார்: பணம் கொடுத்தவர் ஓரிடத்தில், உணவு பெறுபவர் வேறிடத்தில், போய்ச் சேர்ந்ததா என்று கொடுத்தவர் எப்படி அறிவார்?

கூட்டுறவு இயக்கம் இந்த நம்பிக்கைக் குறைவுக்கு உள்ளூரிலேயே வந்த பதில். 1906இல் கண்டி தும்பறையில் முதல் கடன் சங்கம் தொடங்கியது. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் வந்தது. கடனும் சேமிப்பும் உறுப்பினருடையதே, கணக்கும் அவர்கள் முன்னால்தான். கிராமத்தில் அது வேரூன்றியது. தோட்டத்தில் அதே வேகத்தில் பரவவில்லை, ஏனெனில் உறுப்பினராகப் பிணை நிற்கக் கையில் நிலம் வேண்டும். லயத்தானிடம் அது இல்லை. தோட்டத்தில் நம்பிக்கையின் வடிவமாக எழுந்தது தொழிற்சங்கம். 1931இல் கே. நடேசய்யர் தொடங்கிய அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனமும் 1939க்குப் பிறகு இலங்கை இந்தியக் காங்கிரஸ் கட்டிய சங்கமும் கங்காணியின் இடத்தைப் பிடித்தன. 1940 ஜனவரியில் வலப்பனைக்கு அடுத்த ஹேவாஹெட்ட பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி சுடப்பட்டு இறந்தது, சங்கம் சேர்வதற்கே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்ததைக் காட்டியது. தொழிற்சங்கத்தை இலாப நோக்கற்ற துறையின் பட்டியலில் சேர்ப்பதா என்று ஆய்வாளர் விவாதிக்கலாம். தோட்டத்தில் அரசின் வேலையையும் பஞ்சாயத்தின் வேலையையும் அதுவே செய்தது.

1970களில் இன்னொரு அலை வந்தது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அதற்கிடையே 1973 - 74இல் உணவுப் பற்றாக்குறை தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது, பட்டினியால் பலர் இறந்தார்கள். தோட்டம் அரசின் கைக்கு மாறியும் தொழிலாளி குடிமகன் ஆகவில்லை. அந்த நேரத்தில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதயவைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வாழ்ந்து பணியாற்றுவது அதன் அடிப்படை. 1974இல் அவரும் பிறரும் தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகத்தை அமைத்தார்கள். இவர்களுடைய பணத்தில் பெரும்பங்கு வெளிநாட்டுத் தேவாலயங்களிலிருந்தும் நிதி நிறுவனங்களிலிருந்தும் வந்தது. ஹான்ஸ்மனின் கோட்பாடு சொன்ன தூரம் இங்கே கண்கூடு. ஐரோப்பாவில் பணம் கொடுத்தவர் ஒரு மலையின் லயத்தை வந்து பார்க்கப் போவதில்லை. இலாபம் பங்கிடாத, பேர் சொல்லக்கூடிய ஒரு மதகுருவின் வாக்கையே அவர் நம்பினார். அந்த நம்பிக்கை இலங்கைக் கிராமங்களில் சர்வோதயத்துக்கும் உதவியது; 1958இல் ஏ. டி. ஆரியரத்ன தொடங்கிய அந்த இயக்கம், 1972இல் தனிச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது.

வெளிப்பணம் பெருகியபோது அதைப் பார்க்கும் சட்டமும் வந்தது. 1891ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம், 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் ஆகியவற்றோடு 1980இல் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் பதிவு, மேற்பார்வைச் சட்டம் வந்தது. 1998இல் அது திருத்தப்பட்டது. இப்போது கம்பனிச் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் ஒரு தொண்டு அமைப்பு பதிவாகலாம். எந்த வடிவத்தில் பதிந்தாலும் கட்டுப்பாடு ஒன்றே: இலாபப் பங்கு கிடையாது.

மேலே கண்ட கோட்பாடுகள் எடுத்துக்கொண்ட வரிசையையே லெஸ்டர் சலமன் 1987இல் தலைகீழாக்கினார். சந்தை தவறியபின் அரசு, அரசு தவறியபின் தன்னார்வம் என்று எல்லோரும் சொன்னபோது, பிரச்சினை வந்தால் முதலில் கை நீட்டுவது தன்னார்வ அமைப்பே, அதனால் முடியாதபோதுதான் அரசு வருகிறது என்றார் அவர். தன்னார்வத்தின் நான்கு குறைகளையும் அவர் வெளிப்படையாகப் பேசினார். பணம் போதாது, ஒரு குழுவுக்கே போகும், கொடுப்பவரே என்ன தேவை என்று முடிவு செய்வார், தொழில் அறிவு குறைவாக இருக்கும். மலையகத்தில் நான்குக்கும் உதாரணம் கிடைக்கிறது. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்த பகுதிகளில் மண்சரிவு உயிர்களைக் கொண்டுபோனபோது நிவாரணம் கொடுக்கப் பலர் வந்தார்கள். ஆனால் சரிவில் நிற்கும் லயத்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவது நிவாரணப் பொதியின் வேலை அல்ல. அதற்குக் காணி வேண்டும், காணி அரசின் கையிலும் கம்பனியின் கையிலும் இருக்கிறது. குறைகள் இருப்பதால் அரசும் தன்னார்வமும் ஒன்றுக்கொன்று எதிரிகளாக இல்லாமல் பங்காளிகளாகச் செயற்பட வேண்டும் என்பது சலமனின் முடிவு.

மலையகத்தில் அந்தப் பங்காளித்தனம் ஒரு அமைப்பாகவே எழுந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் பிராந்திய கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. வலப்பனைப் பக்கத்துத் தோட்டங்களை நிர்வகிக்கும் உடப்புசல்லாவைப் பெருந்தோட்டக் கம்பனியும் மத்துரட்டப் பெருந்தோட்டக் கம்பனியும் அந்த மாற்றத்தில் பிறந்தவை. அதே ஆண்டில் தோட்ட வீடமைப்பு, சமூக நலன் நம்பிக்கை நிதியம் தொடங்கியது. 2002இலிருந்து அது பெருந்தோட்ட மனித வள அபிவிருத்தி நம்பிக்கை நிதியம். அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் அதில் பங்காளிகள். பிள்ளைக் காம்பராக்களைச் சிறுவர் மேம்பாட்டு நிலையங்களாக மாற்றுவதும் வீடும் கழிப்பறையும் தண்ணீரும் அதன் பணி. வீட்டுக் கடனை நடத்தத் தோட்டந்தோறும் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. கம்பனிக்கு நலச்செலவு இலாபக் கணக்கிலிருந்து வெளியே போனது. அரசுக்கு வெளிநாட்டு உதவியைப் போட ஒரு பாத்திரம் கிடைத்தது. சங்கத்துக்கு மேசையில் ஒரு இருக்கை கிடைத்தது. தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்பதை வீட்டின் உறுதிப் பத்திரத்தைக் கேட்டால் அறியலாம். பலருக்குத் தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் காணி உறுதி இன்னும் கையில் வரவில்லை.

இலாபம் நோக்காது என்ற பெயர் மட்டும் நம்பிக்கைக்குப் போதாது என்பதை நுண்கடன் காட்டியது. கூட்டுக் குழு அமைத்துப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்கும் முறை தொண்டு அமைப்புகளில் தொடங்கி, பிறகு இலாபக் கம்பனிகளின் வியாபாரமாக மாறியது. கிழமைக்கு ஒருமுறை தவணை வாங்க வருபவரைக் கண்டால் பெண்கள் அஞ்சும் நிலை வடக்கு, கிழக்கைப் போல மலையகத்திலும் வந்தது. 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் கடன் கொடுக்கும் அரசு சாரா நிறுவனங்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. பழைய சீட்டும் மரணாதாரச் சங்கமும் இதைத் தாண்டி நிற்கின்றன. அவற்றின் கணக்குப் புத்தகம் லயத்திலேயே இருக்கிறது, வசூலிப்பவரும் கட்டுபவரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

வலப்பனைக்கு எந்த ஒரு கோட்பாடும் தனியே போதாது. மதப் பணிக்கு ஜேம்ஸும் மரணாதாரச் சங்கத்துக்குப் பென்-நெரும் வெளிநாட்டு நிதிக்கு ஹான்ஸ்மனும் முத்தரப்பு நிதியத்துக்குச் சலமனும் விளக்கம் தருகிறார்கள். ஆனால் அவை அத்தனைக்கும் அடியில் கிடப்பது வைஸ்பிரொட் சொன்ன அரசின் பற்றாக்குறைதான், அது இங்கே சட்டத்தின் எழுத்திலேயே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டம் தனியார் நிலம் என்று எண்ணப்பட்டு, அங்கு வாழும் மக்களின் வீதிக்கும் தண்ணீருக்கும் பிரதேச சபைகள் தமது பணத்தைச் செலவிட முடியாமல் இருந்தன. அந்த மக்கள் வாக்களித்துத் தேர்ந்த சபைகளே அவை. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான்.